கார்ல் மார்க்ஸும் புங்குடுதீவும்

1883ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள் பிற்பகல், இலண்டன் மாநகரின் ஒரு வீட்டிலே, சாய்வு நாற்காலியில் அமர்ந்தவாறே ஒரு முதியவர் உயிர்நீத்தார். மூன்று நாள் கழித்து ஹைகேற் இடுகாட்டிலே அவர் அடக்கம்பெற்றபோது சூழ நின்றோர் பத்துப் பன்னிருவர்க்கு மேல் இல்லை. எந்நாட்டுக் குடியுரிமையும் அவருக்கு இருக்கவில்லை. அவர் எழுதியவற்றுட் பெரும்பகுதி அச்சேறாது கட்டுக்கட்டாய்க் கிடந்தது; அவருடைய கையெழுத்தை வாசிக்க வல்லவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அவரே கார்ல் மார்க்ஸ். இன்று அவரைப் பற்றி எழுதப்பட்ட நூல்களை அடுக்கினால் எங்கள் பாடசாலைக் கட்டடம் கொள்ளாது. அந்நூல்களை எழுதியோரும் ஒருவர் கூற்றை மற்றவர் மறுத்தே பெரும்பாலும் எழுதியிருக்கின்றனர்.

மார்க்ஸின் கொள்கை சரியா பிழையா என்று தீர்ப்புக் கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. அவருடைய வாழ்வையும் சிந்தனையையும் அறிஞர்கள் எவ்வாறெல்லாம் விளங்கிக்கொண்டனர் என்பதையும், அவ்விளக்கங்களுள் ஒன்று எங்கள் புங்குடுதீவிலே எவ்வாறு தோன்றிற்று என்பதையும் சொல்ல விரும்புகின்றேன். ஐரோப்பாவிலே நிகழ்ந்த ஒரு வாதம் யாழ்ப்பாணத்தார்க்கு வெறும் ஏட்டுப் படிப்பாகவே இருந்தது என்று சிலர் கருதுவர். நன்னீர் அரிதான இத்தீவிலே அது கிணற்றடி வரைக்கும் வந்தது. ஆதலின் மடத்துவெளியிலிருந்து இதனைப் பேசுதல் பொருந்தும் என்றே எண்ணுகின்றேன்.

முதலில் மார்க்ஸின் வாழ்வைச் சுருக்கமாக நோக்குவோம். 1818ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், ஜேர்மனியின் மேற்கெல்லையிலுள்ள திரியர் நகரிலே, யூத மதகுருமார் பலரைத் தந்த ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி, தொழிலைக் காத்துக்கொள்ளும் பொருட்டுக் கிறித்தவராக மாறியவர். பொன் நகரிலும் பேர்லினிலும் பயின்ற மகன் 1841இல் ஜெனா பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் கிரேக்கர்களான டெமோக்கிரித்தசு, எபிக்கூரசு என்போரின் அணுக்கொள்கை. பேராசிரியராகவேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆயின் நண்பர் புரூனோ பௌவர் தம் கருத்துக்களின் காரணமாகக் கற்பிக்கும் உரிமையை இழந்ததும், தமக்கும் அக்கதவு அடைபட்டதை உணர்ந்து பத்திரிகைத் தொழிலிற் புகுந்தார்.

அங்கேதான் ஒரு சிறு விடயம் அவர் வாழ்வைத் திருப்பிற்று. இரைன் நாட்டுக் காடுகளிலே விழுந்து கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்கி எரிப்பது ஏழைக் குடியானவர்களின் பழைய வழக்கம். காட்டுடைமையாளர்கள் அதனைத் திருட்டு என்று சட்டமாக்க முற்பட்டனர். 1842ஆம் ஆண்டிலே மார்க்ஸ் இதுபற்றித் தொடர்ந்து எழுதினார். மெய்யியலும் சட்டமும் கற்ற தமக்கு, விறகின் விலையைப் பற்றியும் உடைமையைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லையே என்ற உணர்வு அப்போதே தமக்கு உண்டாயிற்று என்று பிற்காலத்திலே அவரே குறிப்பிட்டார். சுள்ளி பொறுக்கும் உரிமை என்பது நமக்குச் சிறியதாகத் தோன்றலாம். இவ்வுரையின் பிற்பகுதியிலே தண்ணீர் அள்ளும் உரிமையைப் பற்றிப் பேசும்போது நேயர்கள் இதனை மீண்டும் நினைத்துப் பார்ப்பார்களாக.

பின்னையவற்றை விரைந்து சொல்லிவிடலாம். பத்திரிகை 1843இல் தடைசெய்யப்பட்டது. பாரிசு, பிரசெல்சு, மீண்டும் கொலோன் என்று அலைந்து 1849இல் இலண்டனை அடைந்தார். எங்கெல்சுடன் சேர்ந்து எழுதிய பொதுவுடைமை அறிக்கை 1848இல் வெளிவந்தது. இலண்டனிலே சோகோப் பகுதியின் ஒடுங்கிய அறைகளிலே வறுமையோடு போராடினார். எட்டு வயதுச் செல்வமகன் எட்கர் 1855இல் அங்கே இறந்தான். மூலதனம் முதலாம் பாகம் 1867இல் ஹம்பேர்க்கிலே ஆயிரம் பிரதிகள் அச்சாயிற்று. ஏனைய இரு பாகங்களையும் அவர் இறந்தபின் எங்கெல்சு 1885இலும் 1894இலும் பதிப்பித்தார்.

இவ்வாழ்வை விளக்கியோருள் முதல்வர் எங்கெல்சே. இடுகாட்டில் ஆற்றிய உரையிலேயே அவர் நண்பரை டார்வினோடு ஒப்பிட்டார். உயிரினங்களின் வளர்ச்சிக்கு டார்வின் விதி கண்டதுபோல மனித வரலாற்றின் வளர்ச்சிக்கு மார்க்ஸ் விதி கண்டார் என்பது அவர் கருத்து. ஆக, மார்க்ஸ் ஒரு விஞ்ஞானி. அதன்பின் வந்த தலைமுறையினர் இவ்விளக்கத்தையே பற்றி நின்றனர். பிரான்சு மேரிங் என்பார் 1918இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இன்றும் விரும்பி வாசிக்கத்தக்கது. எனினும் அதுவும் ஒரு கட்சியின் தொண்டர் தம் தலைவரைப் பற்றி எழுதியதே. 1938இல் ஸ்டாலின் இயக்கவியற் பொருண்முதல்வாதத்தைச் சில பக்கங்களிற் சுருக்கி எழுதியபின், உலகின் பல பாகங்களிலும் மார்க்ஸ் என்றால் அச்சுருக்கமே என்றாயிற்று. பரீட்சைக்கு வழிகாட்டி நூல் வந்துவிட்டால் மாணவன் மூலநூலைத் தொடமாட்டான் என்பது ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாங்கள் நாள்தோறும் காண்பதுதானே.

இதற்கு மாறான மற்றொரு மார்க்ஸ் 1932ஆம் ஆண்டில் வெளிப்பட்டார். 1844இலே, இருபத்தாறு வயது இளைஞராகப் பாரிசில் வாழ்ந்தபோது அவர் எழுதிவைத்த கையேடுகள் அவ்வாண்டிலே முழுமையாக அச்சாயின. அவற்றிலே உழைப்பவன் தான் ஆக்கிய பொருளிலிருந்தும், தன் தொழிலிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும், முடிவில் தன்னிலிருந்துமே அந்நியனாகிப்போகும் நிலை பேசப்படுகின்றது. மனிதன் என்பவன் யார், அவன் இழந்தது யாது என்னும் வினாக்களே அங்கு முதன்மை பெறுகின்றன. எரிக் புரொம் என்னும் உளவியலறிஞர் 1961இல் இக்கையேடுகளை முன்வைத்து, மார்க்ஸ் அடிப்படையில் ஒரு மனிதநேயர் என்று வாதித்தார். பிரெஞ்சு அறிஞர் லூயி அல்தூசரோ 1965இல் அதனை முற்றாக மறுத்தார். 1845ஆம் ஆண்டளவிலே மார்க்ஸின் சிந்தனையில் ஒரு முறிவு ஏற்பட்டது என்றும், முன்னைய மார்க்ஸ் மெய்யியலாளர், பின்னைய மார்க்ஸ் விஞ்ஞானி என்றும், முன்னவரைக் கொண்டு பின்னவரை விளக்குதல் தவறு என்றும் அவர் கூறினார். அண்மைக்கால வரலாற்றாசிரியர்களான யோனதன் ஸ்பேபர் 2013இலும் கரெத் ஸ்டெட்மன் யோன்ஸ் 2016இலும் எழுதிய பெருநூல்கள் வேறொரு வழியிற் செல்கின்றன. மார்க்ஸை நம் காலத்துத் தீர்க்கதரிசியாகக் காணாது, பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதராகவே வைத்து நோக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வரலாறு கற்றவன் என்ற முறையில் இந்நோக்கு எனக்கு உவப்பானதே. ஆயினும் அதிலே ஒரு குறையும் உண்டு. அவரை அவர் காலத்திலேயே நிறுத்திவிட்டால், இருபதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்து இளைஞன் அவரிடம் எதைத் தேடிப் போனான் என்பதற்கு விடை கிடைக்காது.

விளக்கங்கள் இவ்வாறு வேறுபடுவதற்குக் கருத்து மாறுபாடு மட்டும் காரணமன்று. ஏடுகளின் விதியும் ஒரு காரணமாகும். மார்க்ஸின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடித் திரட்டி முழுமையாகப் பதிப்பிக்கும் பணியை மொஸ்கோவிலே தொடக்கியவர் டேவிட் ரியாசனோவ். அவர் 1931இல் பதவி நீக்கப்பட்டு 1938இற் கொல்லப்பட்டார். ஜேர்மனியிலிருந்த மூலப்பிரதிகள் நாசிகளின் கையிற் சிக்காது வெளியே கடத்தப்பட்டு, ஆம்ஸ்ரர்டாம் நகரின் சமூக வரலாற்று நிறுவனத்தை அடைந்தன. 1975இல் மீண்டும் தொடங்கிய முழுப் பதிப்பு இன்னும் நிறைவெய்தவில்லை. ஒருவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளாகப் போகின்ற வேளையிலும் அவர் எழுதியது முழுவதும் நம் கைக்கு வரவில்லை என்றால், அவரை முற்றும் விளங்கிக்கொண்டோம் என்று எவர் சொன்னாலும் சற்றே ஐயுறுதல் நன்று.

இனித் தமிழ் நாடுகளுக்கு வருவோம். தமிழகத்திலே மார்க்ஸின் கருத்துக்களை முதன்முதல் மக்களிடையே பேசியவர் சிந்தனைச் சிற்பி எனப்படும் சிங்காரவேலர். 1923இலே சென்னையில் மே தினத்தைக் கொண்டாடியவரும் அவரே. பொதுவுடைமை அறிக்கையின் தமிழாக்கம் 1931இலே பெரியாரின் குடி அரசு இதழில் வெளிவரத் தொடங்கிற்று. வெ. சாமிநாத சர்மா எழுதிய மார்க்ஸ் வரலாறு யாழ்ப்பாணத்து வாசகர்களும் அறிந்ததே. இலங்கையிலே 1935இல் சமசமாசக் கட்சியும் 1943இற் கம்யூனிஸ்ட் கட்சியும் தோன்றின. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த மு. கார்த்திகேசன் போன்ற ஆசிரியர்கள் அக்கருத்துக்களை மாணவரிடையே பரப்பினர். வகுப்பறையிலே இலக்கணம், வகுப்பறைக்கு வெளியே மார்க்சியம் என்று அவர்கள் காலம் கழிந்தது. அக்கல்லூரியிற் பயின்று, பேராதனையிலும் பின்னர் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் கற்ற க. கைலாசபதி, தமிழ் இலக்கியத் திறனாய்விலே மார்க்சிய நோக்கை வேரூன்றச் செய்தார். கிரேக்க நாடகத்தை மார்க்சிய வழியில் ஆராய்ந்த ஜோர்ஜ் தோம்சன் என்பாரே அங்கு அவருக்கு வழிகாட்டி. கா. சிவத்தம்பியும் அதே ஆசிரியரிடம் பயின்றவர். இவ்விருவரும் சார்ந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இலே தோன்றியது. இலக்கியம் வானிலிருந்து விழுவதன்று, சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளிலே வேர்கொண்டு எழுவது என்பதை அவர்கள் சங்க காலந்தொட்டு எடுத்துக்காட்டினர். தமிழாராய்ச்சியிலே அது ஒரு பெருந் திருப்பம் என்பதை அவர்களோடு மாறுபட்டோரும் மறுத்ததில்லை.

மாறுபட்டோருள் மிகவும் ஆழமாக மாறுபட்டவர் எங்கள் புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம். 1935இல் இங்கு பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பட்டம்பெற்று, இரத்தினபுரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். புதுயுகம் பிறக்கிறது என்னும் சிறுகதைத் தொகுதி 1965இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி என்னும் நெடுங்கட்டுரையிலே, 1956ஆம் ஆண்டுக்குப் பின் ஈழத்து இலக்கியம் சென்ற வழியை அவர் அலசினார். முற்போக்காளர் சமுதாய நீதிக்குக் குரல்கொடுத்ததை அவர் போற்றினார். இலக்கியத்தைக் கட்சி அரசியலின் அளவுகோல் கொண்டே அளந்தனர் என்பதைக் கடிந்தார். 1970இல் வெளிவந்த போர்ப்பறையும், அவர் மறைந்தபின் 1974இல் வெளிவந்த மெய்யுளும் அவருடைய மெய்யியலை விரித்துரைக்கும் நூல்கள்.

அவர் மார்க்ஸை எவ்வாறு விளங்கிக்கொண்டார்? பலர் நினைப்பதுபோல அவர் மார்க்ஸின் பகைவர் அல்லர். பசியும் சுரண்டலும் ஒழியவேண்டும், உடைமை பொதுவாகவேண்டும் என்னும் இலட்சியத்தை அவர் முழுமனத்தோடு ஏற்றவர். வரலாறு படிப்படியாக வளர்கின்றது என்பதையும் ஏற்றார். வளர்வது எது என்பதிலேதான் வேறுபட்டார். உற்பத்திச் சக்திகள் வளர அவற்றை ஒட்டி மனமும் மாறும் என்பது அவர் கேட்ட மார்க்சியம். உயிர் சடத்திலிருந்து எழுந்தது, மனம் உயிரிலிருந்து எழுந்தது, மனத்துக்கு அப்பாலும் ஒரு படி உண்டு, அதற்குரிய காலம் நெருங்கிற்று என்பது தளையசிங்கத்தின் துணிபு. அவர் அதனைப் பேர்மனம் என்றார். அரவிந்தரின் செல்வாக்கை இங்கு எவரும் எளிதிற் காணலாம். இந்நோக்கிலே மார்க்சியம் தன் காலத்துக்குரிய பெரும் பணியைச் செய்த ஒரு படி. அதனை உதறாமலே ஏறிக் கடக்கவேண்டும். காந்தியடிகளின் சர்வோதயமும் மார்க்ஸின் பொதுவுடைமையும் ஆன்மிக விடுதலையும் ஒன்றாக இணையும் சமுதாயத்தையே அவர் கனவு கண்டார். உரைநடையென்றும் கவிதையென்றும் பிரிந்து நிற்கும் இலக்கிய வடிவங்களும் அச்சமுதாயத்தில் மறைந்து புதியதொரு வடிவம் பிறக்கும் என்று எதிர்பார்த்தார். மெய்யுள் என்பது அதற்கு அவர் இட்ட பெயர்.

மார்க்சியர் இதனைச் சும்மா விடவில்லை. எம். ஏ. நுஃமான் மார்க்சிய நோக்கில் நின்று இக்கோட்பாட்டை விரிவாக மறுத்தெழுதினார். புதிய பெயரிலே வந்திருப்பது பழைய கருத்துமுதல்வாதமே என்பது அம்மறுப்பின் சாரம். தமிழகத்திலே சுந்தர ராமசாமி முதலானோர் தளையசிங்கத்தைப் பெரிதும் மதித்து எழுதினர். இன்றுவரை அவரைப் பற்றிய கருத்துக்கள் இருவேறு கரைகளிலேயே நிற்கின்றன.

ஆயினும் நேயர்களே, இவ்வாதத்தை நூல்களுக்குள் மட்டும் வைத்து நோக்கினால் அதன் உயிர்நிலையைத் தவறவிட்டுவிடுவோம். அக்காலத்து யாழ்ப்பாணச் சமுதாயத்தை எண்ணிப்பாருங்கள். சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. தேநீர்க்கடையிலே தனிக் குவளை இருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்தோபர் 21ஆம் நாள், நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினர் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் சென்றனர். பொலிசார் தடியடி நடத்தியும் அது கலையவில்லை. அடுத்த ஆண்டுகளிலே சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் போராட்டம் மூண்டது. தேநீர்க்கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. கே. டானியலின் பஞ்சமர் நாவல் அக்காலத்தின் சாட்சியாக இன்றும் நிற்கின்றது.

தீவகத்திலே இச்சிக்கல் நீரின் வடிவிலே வந்தது. எங்கள் தீவிலே எங்கு தோண்டினாலும் தண்ணீர் வரும். ஆனால் வாயில் வைக்கத்தக்க தண்ணீர் சில இடங்களிலேதான் வரும். நல்ல கிணறு எவருடைய கையிலிருக்கின்றதோ அவர் கையிலேயே ஊரின் வாழ்வும் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் குடத்தோடு வந்து, பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்து நின்றனர். கயிற்றைத் தொட அவர்களுக்கு உரிமையில்லை. இம்மக்கள் நன்னீர்க் கிணற்றிலே தாமே தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1971ஆம் ஆண்டிலே தளையசிங்கம் அறவழிப் போராட்டத்தில் இறங்கினார். தாக்கப்பட்டார், சிறையும் சென்றார். அதன்பின் அவருடல் நலிவுற்றது. 1973ஆம் ஆண்டிலே, நாற்பது வயதை எட்டுமுன்னரே அவர் மறைந்தார்.

பேர்மனத்தைப் பற்றி எழுதிய ஒருவர் கிணற்றடிக்கு வந்தது தம் கொள்கைக்கு முரணானது என்று அவர் எண்ணவில்லை. அவருடைய கொள்கையின்படி அகமாற்றமும் புறமாற்றமும் ஒன்றே. மார்க்சியரோ வர்க்கப் போராட்டத்தின் ஒரு கூறாகவே தேநீர்க்கடை வாயிலுக்குச் சென்றனர். இரு சாராரும் தம் நூல்களிலே ஒருவரையொருவர் மறுத்தனர். களத்திலே ஒரே தடையைத்தான் எதிர்கொண்டனர். இதனை வைத்து இரு கொள்கைகளும் ஒன்றே என்று சமரசம் பேச நான் முற்படவில்லை, அவை ஒன்றல்ல. ஆனால் சாதியைப் பற்றி மார்க்ஸ் என்ன கருதினார் என்று கேட்டால், இரு சாராரும் அன்று அறிந்திருக்க இயலாத ஒரு செய்தி இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றது. அதனைச் சொல்லவேண்டும்.

1853ஆம் ஆண்டிலே நியூயோர்க்கின் பத்திரிகை ஒன்றிலே மார்க்ஸ் இந்தியாவைப் பற்றிச் சில கட்டுரைகள் எழுதினார். தம்மளவிலே மூடிக்கிடக்கும் கிராமங்களையும் அவற்றிலே நிலவும் சாதியையும் கடுமையாகச் சாடிய அவர், பிரித்தானியர் இழைத்த கொடுமைகளையும் மறைக்கவில்லை. எனினும் புகையிரதம் வந்தால் பரம்பரைத் தொழிற் பிரிவு குலையும், அதனோடு அதன்மேல் நிற்கும் சாதியும் கரையும் என்று எதிர்பார்த்தார். யாழ்ப்பாணத்துக்குத் தென்னிலங்கைப் புகையிரதம் 1905இல் வந்துவிட்டது. அறுபதாண்டு கழிந்து 1966இலும் தேநீர்க்கடையின் தனிக் குவளை அசையவில்லை. வண்டியில் ஒரே பலகையில் அமர்ந்து கொழும்புக்குச் சென்றவர் ஊர் திரும்பியதும் பழைய இடத்திலேயே நின்றார். எங்கள் தீவுக்கும் வேலணைக்கும் இடையே கடலை ஊடறுத்துத் தாம்போதி வந்தது, வாகனங்கள் வந்தன, கிணற்றுக் கயிறு மட்டும் கைமாறவில்லை. மார்க்ஸின் எதிர்பார்ப்பு இங்கு பொய்த்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. புறப்பொருள் மாறினால் மனம் தானே மாறும் என்பாரைத் தளையசிங்கம் மறுத்தபோது அவர் கண்முன் நின்றது இந்த அனுபவமே என்பது என் கருத்து.

1853ஆம் ஆண்டுக் கட்டுரைகளை வைத்து, மார்க்ஸும் கீழைநாடுகளைத் தாழ்வாக நோக்கிய ஐரோப்பியருள் ஒருவரே என்று எட்வேட் சயித் 1978இல் எழுதினார். இந்திய அறிஞர் அய்ஜாஸ் அகமது 1992இல் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். இவ்வாதத்துக்குப் புதுவெளிச்சம் தருவன மார்க்ஸ் தம் இறுதி ஆண்டுகளிலே எழுதிய குறிப்பேடுகள். 1880ஆம் ஆண்டுக்குப் பின், மூலதனத்தின் எஞ்சிய பாகங்களை முடிக்காமலே, அவர் உலகின் பல்வேறு சமுதாயங்களைப் பற்றிய நூல்களைக் கட்டுக்கட்டாகப் படித்துக் குறிப்பெழுதினார். அவற்றுள் ஒன்று இந்தியாவினதும் இலங்கையினதும் கிராமங்களைப் பற்றியது! அதனை எழுதியவர் ஜோன் பட் பியர். வங்காளத்தில் நீதிபதியாயிருந்து, பின்னர் இலங்கையின் பிரதம நீதியரசராகப் பதவி வகித்தவர். நம் நாட்டின் வயலையும் குளத்தையும் நில உரிமையையும் பற்றி அந்நூலிலே கண்டவற்றை, நோயுற்ற மார்க்ஸ் இலண்டனிலே இருந்து வரிவரியாகப் பிரதிசெய்து வைத்திருக்கின்றார். கீழைநாட்டுக் கிராமத்தை ஐரோப்பிய நிலமானிய முறையோடு ஒன்றாக்கிப் பேசிய இடத்திலே நூலாசிரியர் மீது அவருக்கு வந்த கோபமும் குறிப்பிலே பதிந்திருக்கின்றது. அதே காலத்திலே உருசியப் பெண்மணி வேரா சசூலிச்சுக்கு எழுதிய மடலிலும், தாம் மூலதனத்திலே வரைந்த பாதை மேற்கு ஐரோப்பாவுக்கே உரியது என்று அவர் வரையறை செய்தார். கெவின் அண்டர்சன் 2010இல் எழுதிய நூல் இவற்றையெல்லாம் தொகுத்து, மார்க்ஸ் தம் பழைய கருத்தை முதுமையிலே பெரிதும் திருத்திக்கொண்டார் என்று நிறுவ முயல்கின்றது. எவ்வளவு திருத்தினார் என்பதிலே அறிஞரிடையே இன்னும் ஒருமைப்பாடு இல்லை.

அக்குறிப்பேடுகள் அச்சில் வந்தது 1972ஆம் ஆண்டிலே. தளையசிங்கம் மறைவதற்கு முந்திய ஆண்டு அது. அவர் கிணற்றடியிலே நின்றபோதும், கைலாசபதியோடு வாதிட்டபோதும், இருவர் கையிலும் இருந்தது முற்றுப்பெற்ற விடைகளைத் தரும் ஒரு மார்க்ஸ். ஒருவர் அவ்விடைகளை ஏற்றார். மற்றவர் அவை போதா என்றார். தாம் சொன்னவற்றையே ஐயுற்று, அறுபது வயதுக்குப் பின்னும் இலங்கைக் கிராமத்தைப் பற்றிப் புதிதாய்க் கற்கத் தொடங்கிய மார்க்ஸை இருவரும் கண்டிலர். கண்டிருந்தாலும் தளையசிங்கம் தம் பேர்மனக் கொள்கையைக் கைவிட்டிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். மார்க்ஸ் எக்காலத்தும் ஆன்மிகவாதியாகவில்லை. ஆனால் அவர் மறுத்தது பெரும்பாலும் வழிகாட்டி நூல்களின் மார்க்ஸையே என்பதும், 1844ஆம் ஆண்டுக் கையேடுகளின் மார்க்ஸோடு அவருக்குப் பேசிக்கொள்ள எவ்வளவோ இருந்தது என்பதும் எனக்குத் தெளிவு. மறுபுறத்திலே, மார்க்சியர் அவரை வெறுங் கருத்துமுதல்வாதி என்று ஒதுக்கியபோது, சாதி என்பது வயிற்றிலே மட்டுமன்றி மனத்திலேயும் குடிகொண்டது என்று அவர் எழுப்பிய வினாவையும் சேர்த்து ஒதுக்கிவிட்டனர். கோட்பாட்டு வாதத்தில் நுஃமானின் மறுப்பு வலியது. அவ்வினாவுக்கு அது விடையாகாது.

தளையசிங்கத்தின் ஏடுகளுக்கும் மார்க்ஸின் ஏடுகளுக்கு நேர்ந்ததையொத்த விதியே நேர்ந்தது. அவர் இருந்த காலத்திலே அச்சானவை சிலவே. எஞ்சியவற்றைத் தம்பியாராகிய மு. பொன்னம்பலமும் நண்பர்களும் காத்து, ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்தனர். கல்கி புராணம், ஒரு தனி வீடு ஆகிய நாவல்கள் அவர் மறைந்தபின்னரே வெளிவந்தன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1991இலே தீவக மக்கள் வீடுவாசலை விட்டு ஓடினர். எத்தனையோ வீடுகளில் இருந்த நூல்களும் இதழ்களும் கறையானுக்கு இரையாயின. முழுத் தொகுப்பு நாகர்கோவிலிலே 2006இல் அச்சாகி வந்தது. அத்தொகுப்பின் ஒரு பிரதி எங்கள் தீவின் ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் இருத்தல் வேண்டும். சிறையிலிருந்தபோது தியாகு தமிழாக்கிய மூலதனமும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். உயர்தர வகுப்பு மாணவர் இரண்டையும் எடுத்துப் பார்ப்பர். அவர்களுட் சிலர் நம் கிணறுகளைப் பற்றி முதியோரிடம் சென்று கேட்பர். அக்கேள்விகளுக்கு விடைசொல்லக் கூடியவர்கள் இன்னும் ஊரில் இருக்கின்றார்கள்.